சாக்கு காண்ட்ராக்டர் வேலம்மாள்

வேலம்மாளை நாற்காலியில் உட்காரவைப்பதற்குள் ரத்தினவேல் மண்டியில் எல்லோருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. உட்காருவதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள், காலமெல்லாம் தரையில் கால் நீட்டிச் சாக்குத் தைத்தவளை ஒரு நாற்காலியில் வைத்துப் பார்த்ததில்லை என்று அர்த்தம். நுனியில் பட்டும் படாமலும் உட்காருவாள். வாசலில் நிழலாடினால் எழுந்துவிடுவாள். கணக்குப்பிள்ளை இருதயநாதன் தலையில் அடித்துக்கொள்வார்.

"ஏம்மா, நீ காண்ட்ராக்டரு. காண்ட்ராக்டரு மாதிரி நல்லாச் சாஞ்சு உக்காரு."

"சாஞ்சா தூக்கம் வருதுங்களே" என்பாள் வேலம்மாள்.

சென்னையிலிருந்து சட்டசபைக் குழு ஒன்று திருச்சிக்கு வரப்போகிறது. அது காண்ட்ராக்டர் வேலம்மாளை நேரில் விசாரிக்கப்போகிறது. அதற்குத்தான் இந்த ஒத்திகை. இது ஐம்பதுகளின் பின்பாதியில் நடந்தது. அப்போது நான் திருச்சியில் ஒரு அரசாங்க ஆபீசில் சுருக்கெழுத்து டைப்பிஸ்ட். குழுவின் விசாரணையை எழுதிக்கொடுக்க என்னை இரவல் வாங்கியிருந்தார்கள். அங்கே நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். முன்னும் பின்னும் நடந்தவை பிறகு வேலம்மாளே சொல்லித் தெரிந்துகொண்டவை.

வேலம்மாள் துவாக்குடிப் பக்கத்து மானாவாரி ஊர்க்காரி. பிச்சைமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டு டவுனுக்கு வந்தாள். பிச்சைமுத்து காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். ஒருநாள் மூட்டை அடுக்கு சரிந்து முதுகில் விழுந்தது. அதற்கப்புறம் அவருக்குச் சுவர்தான் முதுகு. ஒரு பெண் குழந்தை இடுப்பில், புருஷன் பாயில், கையில் ஒன்றுமில்லை என்று நின்றவளுக்குச் சாக்கு மண்டி முதலாளி ரத்தினவேல் வேலை கொடுத்தார். மண்டிக்குப் பின்னால் ஒரு அறையும் கொடுத்தார். வாடகை என்று ஒருநாளும் வாய் திறந்ததில்லை. மகள் வள்ளிக்கண்ணுவை ஸ்கூலில் சேர்த்ததும் அவர்தான். பிறகு டீச்சர் டிரெயினிங்குக்கு அனுப்பியதும் அவர்தான்.

ரத்தினவேலைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் என் வேலை சுலபமாக முடிந்துவிடும். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. கெட்டவனிடமிருந்து ஓடிப்போகலாம். சோறு போட்டவரிடமிருந்து எங்கே ஓடுவது?

மண்டியில் ஒரு வழக்கம் இருந்தது. முதலாளி உள்ளே நுழைந்தால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். கொல்லைப்புறத்தில் தூசிக்குள் உட்கார்ந்து தைக்கும் பெண்களும் கோணி ஊசியைக் கையில் பிடித்தபடி எழுந்து, தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு ஓரமாக நிற்பார்கள். அவர் "உக்காருங்க" என்று சொன்ன பிறகுதான் உட்காருவார்கள். வேலம்மாளுக்கு இது பழகி எலும்பில் ஊறிவிட்டது.

ஆற்றங்கரைகளைப் பார்த்துக்கொள்ளும் இலாகாவுக்கு ஒவ்வொரு வருஷமும் ஆடி வெள்ளத்துக்கு முன்னால் புதுச் சாக்குகள் வேண்டும். கரை பலவீனமாக இருக்கும் இடத்தில் மணல் நிரப்பி அடுக்குவதற்கு. அதற்கு டெண்டர் விடுவார்கள். சாக்கு வாங்கும் அதிகாரி ரத்தினவேலின் தங்கை வீட்டுக்காரர். அதிகாரிக்குச் சொந்தக்காரர்கள் டெண்டர் போடக்கூடாது என்று சட்டம். சட்டம் என்று ஒன்று இருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு சந்து இருக்கும். ரத்தினவேல் தன் பெயரில் போடவில்லை. வேலம்மாள் பெயரில் ஒன்று, வண்டிக்காரர் ஆண்டி பெயரில் ஒன்று, மண்டிக் காவல்காரர் வீரமலை பெயரில் ஒன்று, ஆக மூன்று டெண்டர்கள் போயின. மூன்றையும் எழுதியவர் இருதயநாதன். அதிகாரி மூன்றையும் பிரித்து, ரொம்ப யோசித்து, ஆகக் குறைந்த விலை வேலம்மாளுடையது என்று கண்டுபிடித்தார்!

வேலம்மாளுக்குப் பெயர் எழுதக் கற்றுக்கொடுத்தது வள்ளிக்கண்ணு. ஸ்கூலில் படித்ததை வீட்டில் வந்து அம்மாவிடம் காட்டிய காலத்தில் விளையாட்டாகக் கற்றது. அந்தக் கையெழுத்து முதன்முதலாக உபயோகப்பட்டது இந்தக் காரியத்துக்குத்தான்.

"இதனால எனக்கு ஒண்ணும் வந்துடாதுங்களே, முதலாளி?" என்று கேட்டிருக்கிறாள்.

"என்ன வந்துடும்? நான் இருக்கேன்ல?" என்றார் ரத்தினவேல்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டாள். இலாகாவுக்குப் போனவை புதுச் சாக்குகள் இல்லை. சர்க்கரையும் சிமெண்டும் வந்து காலியான பழைய சாக்குகள். அவற்றை உதறி, முத்திரை தெரியாதபடி உள்ளும் புறமும் திருப்பி, கிழிசலைத் தைத்து, அடுக்கி அனுப்புவார்கள். தைத்தவர்களில் முதல் கை வேலம்மாளுடையது. பகலில் தைக்கிற கூலிக்காரியும் அவள்தான், சப்ளை செய்கிற காண்ட்ராக்டரும் அவள்தான். இரண்டுக்கும் சேர்த்து அவளுக்குக் கிடைத்தது தையல் கூலி.

அந்த வருஷம் ஆடியில் தண்ணீர் அதிகம். ஸ்ரீரங்கத்துக்குக் கிழக்கே கொள்ளிடக் கரையில் ஓரிடம் கரைய ஆரம்பித்தது. சாக்கில் மணல் நிரப்பி அடுக்க அடுக்க, சாக்குகள் வயிறு கிழிந்து மணலைக் கொட்டின. தண்ணீர் வாழைத் தோட்டங்களுக்குள் புகுந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. தோட்டக்காரர்கள் கிழிந்த சாக்குகளைத் தூக்கிக்கொண்டு தங்கள் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் போய்ப் போட்டார்கள். சட்டசபையில் கேள்வி எழுந்தது. அரசாங்க இலாகாக்கள் யாரிடம் எதை எப்படி வாங்குகின்றன என்று பார்க்கிற குழு, திருச்சிக்கே வந்து பார்ப்பது என்று முடிவானது.

சேதி வந்த அன்றே ரத்தினவேல் வேலம்மாளைக் கூப்பிட்டார். திட்டவில்லை, மிரட்டவில்லை. "நீ சொல்றதுலதான் எல்லாம் இருக்கு, வேலம்மா. நீ மாத்திச் சொன்னா மண்டியை மூட வேண்டியதுதான். அப்புறம் நீங்கள்லாம் எங்க போவீங்கன்னுதான் எனக்குக் கவலை" என்றார். அவருக்கு உண்மையிலேயே கவலை இருந்தது என்றுதான் வேலம்மாள் கடைசிவரை சொன்னாள். அந்த அறை, பாயில் கிடக்கும் பிச்சைமுத்து, டிரெயினிங்கை முடித்துவிட்டு ஜில்லா போர்டு வேலைக்குக் காத்திருக்கும் வள்ளிக்கண்ணு, எல்லாம் அந்தக் கவலைக்குள் அடக்கம்.

ஒத்திகை ஆரம்பித்தது. மண்டி ஆபீசிலிருந்த நாற்காலி ஒன்றை நடுவில் போட்டார்கள். முதலில் ரத்தினவேலே எதிரில் உட்கார்ந்து குழுத் தலைவர் மாதிரி கேள்வி கேட்டார். வேலம்மாள் உட்காரவே இல்லை. "முதலாளி முன்னால எப்படிங்க?" என்று சுவரோரம் ஒட்டிக்கொண்டாள். கட்டாயப்படுத்தினால் அழுதாள். கடைசியில் ரத்தினவேல் வெளியே போனார், இருதயநாதன் தலைவரானார். அதற்கப்புறம் நன்றாகவே நடந்தது. சரக்கு எங்கே வாங்கினீர்கள், எப்படி அனுப்பினீர்கள், எல்லாவற்றுக்கும் பதில் ஒப்பித்தாள். போகப்போகச் சாய்ந்துகூட உட்கார்ந்தாள். குழு வீட்டுக்கு வந்தாலும் வரலாம், காண்ட்ராக்டர் வீட்டில் ஒரு நாற்காலியாவது இருக்கட்டும் என்று அந்த நாற்காலியையும் அவள் அறைக்குக் கொடுத்தனுப்பினார்கள். அதில் யாரும் உட்காரவில்லை. துவைத்த துணியை மடித்து வைத்துக்கொண்டாள்.

இவ்வளவு யோசித்தவர்கள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. முதலாளி கண்ணில் படாத வரைக்கும்தான் அவள் காண்ட்ராக்டர்.

விசாரணை டிராவலர்ஸ் பங்களா ஹாலில் நடந்தது. முந்தின நாள் குழு கொள்ளிடக் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தது. தலைவர் வெளி ஜில்லாக்காரர், வயசானவர், கதர்ச் சட்டை, குரலை உயர்த்திப் பேசாதவர். நான் அவருக்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன மேஜையில் உட்கார்ந்திருந்தேன். வேலம்மாள் வந்தாள். இரவல் பட்டுப்புடவை, யாருடையதோ வளையல்கள். கையைப் பார்த்தேன். கோணி ஊசி பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் தடித்திருந்தது. அந்தக் கையோடு அந்த வளையல் ஒட்டவே இல்லை.

"உக்காருங்கம்மா" என்றார் தலைவர். உட்கார்ந்தாள்.

கேள்விகளுக்கு மடமடவென்று பதில் சொன்னாள். இருதயநாதன் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். தலைவர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை எடுத்து விரித்தார். கரையிலிருந்து கொண்டுவந்தது, ஈரம்கூடக் காயவில்லை.

"இது நீங்க குடுத்த புதுச் சாக்கு. இப்படிக் கிழிஞ்சு கெடக்கே?"

வேலம்மாள் குனிந்து பார்த்தாள். பார்த்ததும் ஒப்பித்ததெல்லாம் மறந்துவிட்டது.

"தையல் விடலைங்க, பாருங்க. தச்ச எடம் அப்படியே இருக்கு. சாக்குதான் நைஞ்சு போயிருக்கு" என்றாள்.

ஹாலில் சிரிப்பு. தலைவர் சிரிக்கவில்லை. "தச்சது யாரும்மா?"

அவளுக்கு அப்போதுதான் வாயை விட்டது உறைத்தது. "ஆளுங்கதாங்க" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

அந்த நேரத்தில் கதவு திறந்தது. ரத்தினவேல் உள்ளே வந்தார். ஊருக்கு வந்த பெரிய மனிதர்களுக்கு டிபன் உபசாரம் ஊர் வியாபாரிகளின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை வலிய வாங்கிக்கொண்டவர் ரத்தினவேல். அவருடைய மைத்துனரான அந்த அதிகாரி அந்தப் பக்கமே வராதீர்கள் என்று சொல்லியிருந்தாராம். ஆனால் உள்ளே தன் தலையெழுத்து ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியே வடைக்குக் காவல் நிற்க யாரால் முடியும்? கையைக் கூப்பிக்கொண்டு, "டிபன் ரெடிங்க, எல்லாரும் சாப்பிட்டுட்டுத் தொடரலாமே" என்றார்.

நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. வேலம்மாள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, ஒதுங்கி, சுவரோரம் போய் நின்றாள். வலதுகை விரல்கள் இல்லாத ஊசியைப் பிடித்திருந்தன.

"ஏம்மா எழுந்துட்டீங்க? உக்காருங்க" என்றார் தலைவர்.

அவள் உட்காரவில்லை.

"உங்களைத்தாம்மா. உக்காருங்க."

அவள் தலைவரைப் பார்க்கவே இல்லை. சட்டசபையே சொன்னாலும் அவளுக்குக் காது கேட்டிருக்காது. அவள் கண் கதவுப் பக்கம் இருந்தது. ரத்தினவேலின் முகம் வெளுத்துவிட்டது. எப்படியாவது அவளை உட்காரவைத்துவிட்டால் போதும் என்று அவருக்கு.

"உக்காரு, வேலம்மா" என்றார்.

வேலம்மாள் வந்து உட்கார்ந்தாள்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க யாருங்க?" என்று ரத்தினவேலைக் கேட்டார். "ஊர் வியாபாரிங்க. டிபன் விஷயமா வந்தேன்" என்றார் அவர். "சரி, வெளியில இருங்க" என்றார் தலைவர். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா எழுந்து நின்னதை எழுதிக்கிட்டீங்களா?" என்றார். நான் திருதிருவென்று விழித்தேன். பேசுவதை எழுதத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எழுந்து நிற்பதை எழுத அல்ல.

கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அம்மா, இங்க யாருக்கும் பயப்பட வேணாம். உங்களுக்கு ஒண்ணும் வராம நான் பாத்துக்கிறேன். சாக்கு யாருது? அந்த ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

அவர் நல்ல மனசோடுதான் கேட்டார். ஆனால் 'ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்கிறேன்' என்பதை வேலம்மாள் ஏற்கெனவே ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறாள். தவிர, இவர் சாயங்கால ரயிலில் சென்னைக்குப் போய்விடுவார். பிச்சைமுத்துவின் பாயைத் தெருவில் போட்டால் எடுத்து விரிக்க யார் வருவார்கள்? உண்மையைச் சொன்னால் வீடு போகும், பொய் சொன்னால் பழி அவள் தலையில் விழும். இரண்டு பக்கமும் சுவர்.

"என்னுதுதாங்க" என்றாள். அவ்வளவு மெதுவாகச் சொன்னதால் நான் மறுபடி கேட்க வேண்டியிருந்தது. "சாக்கு என்னுதுதாங்க" என்று எனக்காக இன்னொரு தடவை சொன்னாள்.

தலைவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அந்த ஹாலில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? அவள் வாயால் சொன்னது ஒன்று இருக்கிறதே! குழு அறிக்கை அச்சாகி வந்தபோது முதல் வேலையாக அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்தேன். பழைய சாக்கைப் புதுச் சாக்கு என்று சப்ளை செய்த காண்ட்ராக்டர் வேலம்மாள் இனி எந்த அரசாங்க டெண்டரிலும் கலந்துகொள்ளக்கூடாது என்று இருந்தது. போலிப் பெயர்களில் வரும் டெண்டர்களை இலாகா விழிப்போடு கவனிக்க வேண்டும் என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரி தலைவருடையதாகத்தான் இருக்கும். அதிகாரியை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அவருடைய இடத்துக்கு வந்தவருக்கு ரத்தினவேலிடம் பழக்கம் ஏற்பட அதிக நாள் ஆகவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. மண்டிக்குப் போய் விசாரித்தேன். "அவுங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க, மன்னார்புரத்துப் பக்கம்" என்றார் வண்டிக்காரர் ஆண்டி. தேடிப் போனேன். ஒரு கீற்றுக் கொட்டகை. வாசலில் வேலம்மாள் வேறு யாருடைய சாக்கையோ தைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். உட்கார் என்று நான் கெஞ்சிக் கேட்ட பிறகும் நின்றுகொண்டேதான் பேசினாள். ரத்தினவேல் விரட்டிவிட்டாரா என்று கேட்டேன்.

"அவர் வெரட்டலைங்க. இருக்க முடியலை, வந்துட்டோம்" என்றாள்.

அறிக்கை வந்த பிறகு ரத்தினவேல் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மாறாக, சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள் என்று மண்டியில் எல்லோரிடமும் பெருமையாகப் பேசினார். பொங்கலுக்குப் புடவை எடுத்துக்கொடுத்தார். மாசி பிறந்தது, அடுத்த வெள்ளத்துக்கு டெண்டர் விடுகிற காலம் வந்தது. ஒருநாள் காலையில் இருதயநாதனைக் கூட்டிக்கொண்டு அவள் அறைக்கு வந்தார். அவர் அந்த அறைக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

எதற்கு வருகிறார் என்று வேலம்மாளுக்கு முன்பே தெரியும். முந்தின நாளே இருதயநாதன் ஜாடையாகச் சொல்லியிருந்தார். "உன் பேரு கெட்டுப் போச்சு. அதனால என்ன, வள்ளிக்கண்ணு பேரு புதுசா சுத்தமா இருக்குல்ல? படிச்ச புள்ள, கையெழுத்தும் முத்து முத்தா போடும்." ஜில்லா போர்டு ஸ்கூலில் வேலை இன்றைக்கோ நாளைக்கோ என்று மகள் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாளைக்குச் சாக்கு மறுபடி கிழியும், கிழியாமல் இருக்காது. குழு மறுபடி வரும். சர்க்கார் டீச்சர் பெயர் சர்க்கார் அறிக்கையிலேயே திருட்டு காண்ட்ராக்டர் என்று அச்சாகும். மாட்டேன் என்றால் அறை போகும். அவள் அன்று முழுக்க ஒரே ஒரு காரியத்தைத்தான் மனசில் உறுதிப்படுத்திக்கொண்டிருந்தாள். முதலாளி வரும்போது எழுந்திருக்கக்கூடாது. எழுந்துவிட்டால் அப்புறம் வாயிலிருந்து 'மாட்டேன்' வராது என்று அவளுக்குத் தெரியும்.

வள்ளிக்கண்ணு அந்த நாற்காலியில் உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாகத் துணிகளை எடுத்து வைத்துவிட்டு அவள்தான் அதில் உட்காரப் பழகியிருந்தாள். வேலம்மாள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். நிலையைக் குனிந்து கடந்து ரத்தினவேல் உள்ளே வந்தார்.

"எவ்வளவோ நெனச்சு வச்சிருந்தேங்க. காலு தானா எந்திரிச்சுருச்சு. அதை என்னால ஒண்ணும் பண்ண முடியலை" என்றாள் என்னிடம். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது.

அவள் எழுந்து, தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, ஊசியும் கையுமாக நின்றாள். பிச்சைமுத்து சுவரைப் பிடித்து நிமிரப் பார்த்தார். நாற்காலி கிறீச்சிட்டது. வேலம்மாள் திரும்பினாள். வள்ளிக்கண்ணு புத்தகத்தை மூடிவிட்டுப் பாதி எழுந்திருந்தாள். அவளும் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்ததும்தான் வேலம்மாளுக்கு எங்கிருந்தோ ஒரு ஆத்திரம் வந்தது. மகளின் தோளில் கையை வைத்து அழுத்தினாள். தடித்த கட்டைவிரல் எலும்பில் பதியும்படி அழுத்தினாள். வள்ளிக்கண்ணு பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன வேலம்மா இது?" என்றார் ரத்தினவேல்.

"நான் நிக்கிறேங்க, முதலாளி. என் ஆயுசுக்கும் நிக்கிறேன். அவ உக்காந்திருக்கட்டும்" என்றாள் வேலம்மாள்.

இருதயநாதன் கையிலிருந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ரத்தினவேல் உட்கார்ந்து பேசலாம் என்று சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அவர் போய்விட்டார்.